அத்தித்லான் ஏரிக்கரையில் எட்டு நாள்: பதினாறு வயதுக் கைகளுக்கு என்ன வேலை?

புறப்படும் முன்

குவாத்தமாலாவில், அத்தித்லான் ஏரியின் தென்கரையில் இருக்கும் சாந்தியாகோ அத்தித்லானில் ஒரு மருத்துவ முகாம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் 14 பேர், வயது 15 முதல் 18 வரை. கூடவே இரண்டு மருத்துவர், ஒரு பல் மருத்துவர், ஒரு கண் பரிசோதகர், மூன்று நர்ஸ். பிள்ளைகளை இப்படி அனுப்பலாமா என்று அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் விசாரிக்கிறார்கள். கல்லூரி விண்ணப்பம் மனதில் இருக்கும், தப்பில்லை. என் பிள்ளை அங்கே எதைத் தொடும், எதைத் தொடாது என்று கேட்பவர்கள்தான் குறைவு. அதற்காகவே இந்தத் தினக்குறிப்பு. இரவில் இணையம் கிடைக்கும்போது போடுகிறேன்.

முதலில் காகிதம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வாங்கிய சம்மதக் கடிதம், ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் ஒன்று. விமான நிலையத்தில் யாரும் கேட்காமல் போகலாம். கேட்கும்போது இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் பயணம் அங்கேயே முடிந்தது. அப்பா, அம்மா பிரிந்து வாழ்கிற வீட்டில் இரண்டாவது கையெழுத்து வாங்கவே ஒரு மாதம் ஆகலாம். கடிதத்தை அதற்கேற்ப முன்னாலேயே தொடங்க வேண்டும்.

தடுப்பூசியில் ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ் மூன்றும் முக்கியம். டைபாய்டு ஊசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஏரிக்கரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மலேரியா மாத்திரை தேவையில்லை.

மருந்து மூட்டையில்தான் பெரும்பாலான குழுக்கள் வழுக்குகின்றன. வீட்டு அலமாரியில் மீந்த மாத்திரை, கிளினிக்கில் கிடைத்த சாம்பிள் அட்டை என்று ஆளுக்கு ஒரு பை அள்ளி வருவார்கள். நன்கொடை மருந்து நாட்டுக்குள் வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறி. ஒரு நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்து அறவே கூடாது. பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஸ்பானிஷில் ஒரு பட்டியல் வேண்டும்: மருந்தின் பொதுப்பெயர், அளவு, தொகுதி எண், காலாவதி நாள், எண்ணிக்கை. எல்லாப் பாராசிட்டமாலையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். அந்த ஒரு பெட்டி மயாமியிலேயே தங்கிவிட்டால் முகாம் முழுக்கக் காய்ச்சலுக்கு மருந்து இராது. ஒவ்வொரு மருந்தையும் நான்கு பெட்டிகளில் பிரித்துப் போட்டாயிற்று.

நாள் 1: குவாத்தமாலா நகரம் முதல் பனஹச்செல் வரை

லா அவுரோரா விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். பட்டியலும் சுகாதார அமைச்சின் அனுமதிக் கடிதமும் கையில் இருந்ததால் அரைமணியில் வேலை முடிந்தது.

பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையில் மேற்கே மூன்றரை மணி நேரம். சிமல்தெனாங்கோவில் நெரிசல், லோஸ் என்குவென்ட்ரோஸில் இடது திருப்பம், சோலோலா தாண்டியதும் ஏரியை நோக்கிக் கிடுகிடுவென இறக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் பின் இருக்கைக்காரர்கள் வாந்தி எடுப்பது உறுதி. பயண வாந்தி மாத்திரையை இறக்கம் தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை எல்லார் கையிலும் இருக்கட்டும்.

இரவு தங்கல் பனஹச்செல்லில். ஏரியை இன்றே கடக்காததற்குக் காரணம் காற்று. மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ஷொக்கொமில் என்ற காற்று கிளம்பி ஏரியைக் கலக்கிவிடும். சின்ன லான்ச்சாப் படகில் மருந்துப் பெட்டிகளோடு அதில் மாட்டினால் பெட்டியும் நனையும், பிள்ளைகளும் நடுங்குவார்கள்.

நாள் 2: கரை சேர்தல், மேசை போடுதல்

காலை ஏழு மணிப் படகு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தோலிமான், அத்தித்லான், சான் பெத்ரோ என்று மூன்று எரிமலைகள் சுற்றி நிற்கின்றன. பெட்டிகளைப் படகின் நடுவில் அடுக்கித் தார்ப்பாய் போட வேண்டும். முன்பகுதியில் வைத்தால் அலை தெறித்து அட்டைப்பெட்டி ஊறிப்போகும்.

இந்த ஊர்க்காரர்கள் சுதுஹில் மொழி பேசும் மாயா பழங்குடியினர். 2005 அக்டோபரில் ஸ்டான் புயலின்போது பக்கத்துப் பனாபாஹ் குடியிருப்பு மண்சரிவில் புதைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் திறந்திருந்த ஊர் மருத்துவமனையான ஹொஸ்பித்தலித்தோவும் அந்தச் சேற்றில் போய், வேறிடத்தில் கட்டி 2010இல் மறுபடி திறந்தார்கள். மருத்துவமே இல்லாத ஊருக்கு நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்ற நினைப்போடு பிள்ளைகள் வந்து இறங்கக்கூடாது என்பதற்காகவே இதை முதல் நாளே சொல்லிவிடுவது. முகாம் முடிந்தபின் நோயாளிகளைப் பார்க்கப்போவது இந்த ஊர் டாக்டர்கள்தான்.

பள்ளிக்கூடத்து இரண்டு வகுப்பறையும் வராந்தாவும் முகாம். வரிசை ஒரே திசையில் ஓட வேண்டும்: டோக்கன், பதிவு, எடை உயரம், கண், மருத்துவர், மருந்து, வெளியே. நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும் ஒன்றாக இருந்தால் பத்து மணிக்கே முட்டிக்கொள்ளும். டோக்கனை மணிவாரியாக நிறம் பிரித்துக் கொடுத்தால் எட்டு மணிக்கே நூறு பேர் வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு இங்கே இரண்டு படி. மாணவர் ஆங்கிலத்தில் கேட்பதை ஒருவர் ஸ்பானிஷில் சொல்வார், அதை உள்ளூர்ப் பெண் ஒருவர் சுதுஹிலில் சொல்வார். வயதான பெண்கள் பலருக்கு ஸ்பானிஷ் வராது. பள்ளியில் நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்த பிள்ளை இங்கே முழிப்பது அதனால்தான். ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். ‘காய்ச்சலோ இருமலோ வாந்தியோ இருக்கிறதா’ என்று கேட்டால் இரண்டு படி தாண்டி ‘ஆமாம்’ என்று ஒரே பதில் வரும். எதற்கு ஆமாம்?

மாலைக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் விதிகளைச் சொன்னோம். ஊசி, கத்தி, ரத்தம் எதையும் தொடக்கூடாது. மருந்து எடுத்துக் கொடுக்கலாம், எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்லக்கூடாது. போன்கள் எல்லாம் காலை டப்பாவுக்குள் போய்விடும். மற்றதெல்லாம் உண்டு. ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1965இல் ஹூஸ்டனில் தொடங்கிய அமிகோஸ் தெ லாஸ் அமெரிக்காஸ் அமைப்பு ஹோண்டுராஸுக்குப் பதின்ம வயதினரை அனுப்பியதே போலியோ தடுப்பு மருந்து கொடுக்கத்தான். இன்று ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற ஆள் இருக்கும்போது, பதினாறு வயதுப் பிள்ளை ஊசி பிடிக்க வேண்டிய அவசியம் என்ன? தன் ஊரில் செய்ய அனுமதியில்லாத ஒன்றை இங்கேயும் செய்யக்கூடாது. ‘உங்கள் பிள்ளை அறுவைச் சிகிச்சையில் உதவலாம்’ என்று விளம்பரம் செய்யும் பயணம் எதுவானாலும் பணம் கட்டாதீர்கள்.

நாள் 3: கண் மேசை

பிள்ளைகளை முழுசாக நம்பி விடக்கூடிய வேலை இது. தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பிய ஆங்கில E எழுத்து அட்டை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சரி. எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். மூன்று மீட்டர் அட்டை என்றால் மூன்று மீட்டரில் கயிற்றை அளந்து, தரையில் டேப் ஒட்டி, நாற்காலியின் பின்கால்கள் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் மதியத்துக்குள் நாற்காலி அரை மீட்டர் முன்னே நகர்ந்திருக்கும், எல்லார் பார்வையும் ‘தேறி’யிருக்கும்.

அட்டைக்குப் பின்னால் சன்னல் இருக்கக்கூடாது. ஒரு கண்ணைக் கையால் மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்ப்பார்கள், அதனால் தடித்த அட்டையால் மூட வேண்டும். அட்டையில் 6/18 என்று குறித்த வரி தெரியாதவருக்கு ஊசித்துளை அட்டையைக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். துளை வழியே தெளிந்தால் கண்ணாடியால் சரியாகும் குறை. தெளியாவிட்டால் கண்புரையோ வேறெதுவோ, உடனே கண் பரிசோதகரிடம் அனுப்ப வேண்டும். அதற்கு மேல் யூகம் மாணவர் வேலையல்ல. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் ஒரு மேசை மணிக்கு இருபது பேரைப் பார்க்கும்.

வெள்ளெழுத்துக்கு வேறு முறை. நாற்பது வயதைத் தொட்டவருக்குப் பிளஸ் 1.00, ஐம்பதை நெருங்கினால் 1.50, ஐம்பது தாண்டினால் 2.00, அதற்கு மேல் 2.50 என்று வயதை வைத்துத் தொடங்கி, குறைந்த பவரிலிருந்து மேலே போக வேண்டும். வாசிப்பு அட்டை இங்கே அவ்வளவாக உதவாது. இந்த ஊர்ப் பெண்கள் இடுப்புத்தறியில் நெய்து, ஊய்பில் என்ற மேல்சட்டையில் பறவைகளைப் பூத்தையலாகப் போடுபவர்கள். அதனால் மேசையில் ஊசி, சிவப்பு நூல், பாவு நூல் துண்டு மூன்றும் வைத்தோம். ஒரு பாட்டி 2.00 போட்டு ஊசியைக் கையை நீட்டிப் பிடித்தார், நூல் காதைத் தாண்டிப் போனது. 2.50 போட்டதும் ஊசி தானாக மார்புக்குப் பக்கத்தில் வந்தது, நூல் முதல் தடவையிலேயே கோர்த்தது. தறி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அந்தத் தூரத்தில்தான் சோதிக்க வேண்டும். 3.00 கொடுத்தால் ஊசி இன்னும் பெரிதாகத் தெரியும், அவரும் மகிழ்வார். வீட்டுக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தால் பாவு மங்கும்.

கூடவே ஒரு வேண்டுகோள். பழைய கண்ணாடிகளைத் திரட்டி அனுப்பாதீர்கள். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நன்கொடையாக வந்த பழைய கண்ணாடிகளில் 7 சதவீதம்தான் பயன்படுத்தும் நிலையில் இருந்தன. ஒருவர் கண்ணுக்கென்று கடைந்தது இன்னொருவருக்குப் பொருந்துவது அபூர்வம். புதிய வெள்ளெழுத்துக் கண்ணாடி விலை மலிவு, பவர் தெரிந்தது, அடுக்கவும் எளிது.

நாள் 4: எடையும் உயரமும்

பார்க்கச் சுலபமான மேசை, அதிகத் தப்பு நடக்கும் மேசையும் இதுதான். குவாத்தமாலாவில் 2014-15 தேசியக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதனால் இந்த மேசையில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் பட்டியலில் ஒரு குழந்தை இடம் மாறும்.

இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் படுக்க வைத்து நீளம், இரண்டு நிறைந்தால் நிற்க வைத்து உயரம். இரண்டுக்கும் நடுவே 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். நிற்க மறுக்கும் குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் அதைக் கழித்து எழுத வேண்டும். ஓர் அளவுக்கு இரண்டு பேர் தேவை: ஒருவர் முழங்காலையும் பாதத்தையும் பிடிக்க, ஒருவர் தலையைப் பிடித்து அளவைப் படிக்க. தனியாக அளந்தால் முழங்கால் மடங்கி, குழந்தை காகிதத்தில் குட்டையாகிவிடும்.

செருப்பும் தலைப்பின்னலும் எங்கும் உள்ள தொல்லைதான். இந்த ஊரில் கூடுதலாக ஒன்று: வயதான பெண்கள் சிலர் தலையில் வட்டமாகச் சுற்றிக்கொள்ளும் நீண்ட சிவப்பு நாடா. குவாத்தமாலாவின் 25 சென்டாவோ நாணயத்தில் இருக்கும் பெண்ணின் தலையில் காண்பது அதுதான். அதை அவிழ்க்கச் சொல்லக்கூடாது. அவர்களுக்கு எடை மட்டும் எடுத்து, உயரக் கட்டத்தில் கோடு போட்டுவிடலாம். எந்த மருந்தும் அவர்களுடைய உயரத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை.

கைச்சுற்றளவு நாடா ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள். இடது கை, தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளி, கை தளர்ந்து தொங்க வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, அதாவது கடும் ஊட்டக்குறை, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 11.5 முதல் 12.5 வரை மஞ்சள். நாடாவை இறுக்கிப் பிடித்தால் மஞ்சள் சிவப்பாகிவிடும். தோல் மடியாமல், நாடாவுக்குள் இடைவெளியும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இன்றைய இரண்டு தவறுகளும் எழுத்தில் நடந்தவை. முதலாவது தேதி. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மாதம் முதலில், குவாத்தமாலாவில் நாள் முதலில். 03/07 என்று ஒருவர் மார்ச் 7ஐ எழுதினார், அடுத்த மேசை அதை ஜூலை 3 என்று படித்தது. நான்கு மாத வித்தியாசத்தில் 22 மாதக் குழந்தை 18 மாதமானது. இனி மாதம் எழுத்தில்தான். இரண்டாவது எடை. இந்த ஊரில் பவுண்டுதான் பழக்கம், அமெரிக்காவிலும் பவுண்டுதான், மருந்துக்கோ கிலோ வேண்டும். 22 பவுண்டுக் குழந்தை பத்து கிலோ. அலகு எழுதாமல் 22 என்று மட்டும் போனால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 150 மி.கி. போக வேண்டிய பாராசிட்டமால் 330 ஆகிவிடும். மருந்து மேசை நர்ஸ் குழந்தையை ஏறிட்டுப் பார்த்ததால் அது நடக்கவில்லை. எடைமிஷினின் பவுண்டுப் பொத்தான் மேல் டேப் ஒட்டிவிட்டோம்.

குடற்புழுவுக்கு அல்பெண்டசோல்: இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி. ஒரே தடவை, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் 200. சின்னக் குழந்தைக்கு மாத்திரையை முழுசாகத் தரக்கூடாது, புரையேறும். இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றுவது ஆபத்து. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தரக்கூடாது.

நாள் 5: அடுப்பு

பாதிப் பிள்ளைகள் இன்று முகாமில் இல்லை, உள்ளூர்க் கொத்தனாரோடு அடுப்பு வைக்கப் போனார்கள். மருத்துவ முகாமில் அடுப்புக்கு என்ன வேலை என்று கேட்பவருக்கு: வீட்டுக்குள் மூன்று கல், நடுவில் விறகு, புகை போக வழியில்லை. இருமலும் கண் எரிச்சலும் தவழும் குழந்தையின் தீக்காயமும் அங்கிருந்து வருகின்றன. மேற்கே சான் மார்கோஸ் மலைப்பகுதியில் 534 வீடுகளில் நடந்த ஆய்வு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. புகைபோக்கி அடுப்பு வைத்த வீடுகளின் குழந்தைகளில் கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எல்லா வகை நிமோனியாவையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அடுப்பு விற்பவர்கள் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதில்லை.

அடுப்பின் பெயர் பிளாஞ்சா. மேலே ஓர் இரும்புத் தகடு, பெரிய தோசைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள், மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியா அதில்தான் வேகும். கீழே ஹாலோ பிளாக் மேடை, அதன்மேல் காங்கிரீட் உடல், உள்ளே சுட்ட மண்ணால் ஆன எரிஅறை, அதைச் சுற்றி நுரைக்கல், பின்னால் நான்கு அங்குலத் தகரக் குழாய்.

மேடை உயரத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். சமைக்கும் பெண்ணை நிற்க வைத்து, தகடு அவர் முழங்கைக்கு ஒரு சாண் கீழே வருகிற மாதிரி. நம் பிள்ளைகள் தங்கள் உயரத்துக்குக் கட்டினால் அந்த அம்மா ஸ்டூல் போட்டுத்தான் சமைக்க வேண்டும். மண் தரையை இறுகத் திம்மிசு போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்தபின்தான் கல். சாய்ந்த தகட்டில் எண்ணெயும் கஞ்சியும் ஒரு பக்கமே ஓடும்.

நுரைக்கல் எரிமலை ஊரில் காசில்லாமல் கிடைப்பது, உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்திருப்பதால் சூட்டை வெளியே விடாது. சலிப்பது பிள்ளைகள் வேலை, முகமூடியோடு. கடலை அளவுக் கல் வேண்டும். தூளையும் சேர்த்துக் கொட்டினால் இடைவெளி அடைபட்டு, சூடு உடலுக்குப் போய் காங்கிரீட் வெடிக்கும். எரிஅறையைச் சுற்றி மூலை முடுக்கெல்லாம் நிரப்பி, தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் அங்குலம் விட வேண்டும். தீ அந்த இடுக்கில்தான் ஓடிக் குழாய்க்குப் போகும். மிச்சமான கல்லை வீணாக்குவானேன் என்று ஒரு வீட்டில் விளிம்பு வரை நிரப்பிவிட்டார்கள். பற்றவைத்ததும் புகை முழுக்க விறகு வாயில் திரும்பி வந்தது. தகட்டைத் தூக்கி, இரண்டு முறம் கல்லை அள்ளியதும் குழாய் இழுக்கத் தொடங்கியது.

கூரைத் தகரத்தை வெட்டுவது கொத்தனார் மட்டும். குழாய் கூரைக்கு மேல் இரண்டு அடியாவது எழ வேண்டும், தலையில் தொப்பி வேண்டும், வெட்டிய ஓட்டையைச் சுற்றித் தார் பூச வேண்டும். இல்லையேல் முதல் மழையில் ஒழுகி, அந்த வீட்டார் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். முதல் சில நாள் சின்னத் தீ மட்டும், பூச்சு காய வேண்டும். மாதம் ஒரு தடவையாவது குழாயைத் தட்டிக் கரி எடுக்க வேண்டும். 1980களில் நம் ஊரில் கொடுத்த புகையில்லா அடுப்புகள் பல மூலையில் கிடந்ததற்கு, அடைத்துக்கொண்ட குழாயும் ஒரு காரணம்.

நாள் 6: வயிறு

பதினான்கில் ஐந்து பேர் படுக்கையில். தெருவில் விற்ற வெட்டிய மாம்பழம். இங்கே குடிக்க ஐந்து காலன் குடம் வாங்குகிறோம், பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம். 2009இல் ஏரியின் பெரும்பரப்பில் பாசி பொங்கியது, அந்த வகைப் பாசியின் நஞ்சு கொதியில் போகாது. வேறு வழியில்லாமல் குழாய்த் தண்ணீர் என்றால், வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரைமணி காத்திருப்பு. கலங்கலாக இருந்தால் நான்கு சொட்டு.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தீர்ந்தால்: ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணீர் அளவுக்குமேல் கரிக்கக்கூடாது. நோயாளிப் பிள்ளை முகாமுக்கு வரக்கூடாது, சமையல் பக்கமும் கூடாது.

நாள் 7: பல் மேசையின் பின்பக்கம்

பல் பிடுங்குவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். வேலை பின்பக்கம், கருவிகளின் கிருமியைக் கொல்லும் நீராவிக் கொப்பரையில் (ஆட்டோக்ளேவ்). கருவிகளைத் தேய்த்துக் கழுவுவது தடித்த கையுறையோடு நர்ஸ். காய்ந்ததைப் பொதிந்து, தேதி எழுதி, கொப்பரை நோட்டில் பதிவது மாணவர்.

கடல் மட்டத்தில் கொப்பரைக்குள் 121 டிகிரி செல்சியஸ் வர அழுத்தமானி 15 பவுண்டு காட்டினால் போதும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவு, ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கூட்ட வேண்டும். இந்த ஊர் ஐயாயிரம் அடிக்கு மேல் என்பதால் பதினேழரை. ஹூஸ்டனில் பழகிய நர்ஸ் 15இல் நிறுத்தினால் உள்ளே 121 வந்திருக்காது. பொதிந்த கருவிக்கு அந்தச் சூட்டில் முப்பது நிமிடம், பிறகு காயும் வரை பொதியைத் தொடக்கூடாது, ஈரப் பொதி கிருமியை உறிஞ்சும். வெளியே ஒட்டிய கோடு போட்ட டேப் கறுத்தது என்றால் சூடு பட்டது என்று மட்டும் பொருள். பொதிக்குள் வைத்த காட்டிப் பட்டை மாறியிருக்கிறதா என்று பார்த்தபின்தான் கருவி மேசைக்குப் போகும்.

நாள் 8: ஒப்படைத்தல்

மதியத்துக்கு முன் எல்லாம் கட்டியாயிற்று, ஷொக்கொமில் வருமுன் படகு. பதிவுத் தாள்கள் மூன்று கட்டு. கைச்சுற்றளவு நாடாவில் சிவப்பு வந்த குழந்தைகள் உள்ளூர்ச் சுகாதார நிலையத்துக்கு, தாயின் இரு குடும்பப்பெயரோடும் தெருவோடும். கண்புரைக்காரர்கள் கண் பரிசோதகரின் பட்டியலில். ரத்த அழுத்தம் கூடியவர்கள் மருத்துவமனைக்கு, அவர்களுக்கு நாங்கள் கொடுத்த மாத்திரை முப்பது நாளுக்கு மட்டுமே என்ற குறிப்போடு. அதே மருந்து ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று பார்த்தபின்தான் தொடங்கியது. மிஞ்சிய மருந்தைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கினோம், காலாவதி நெருங்கியதை மட்டும் திருப்பி எடுத்தோம்.

அடுப்பு வைத்த ஆறு வீட்டின் தாள் கொத்தனாரிடம். முப்பதாம் நாள் அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போவார், அதற்கும் கூலி கொடுத்தாயிற்று. குழாயில் கரி, தகட்டில் விரிசல், விறகின் நீளம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தை இரண்டு மாணவர்கள் நேற்றிரவு சேர்த்தார்கள்: பழைய மூன்று கல் இன்னும் வீட்டில் இருக்கிறதா, இருந்தால் எதற்கு? சுண்ணாம்புத் தண்ணீரில் சோளம் வேகவைக்கும் பெரிய பானை பிளாஞ்சாவில் உட்காராது என்று ஒரு வீட்டு அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.